ஆக்சிஜன் 1.9, நலம்

கல்லறை துப்புரவு நாளன்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் மீன்குளத்தோடு தங்கிவிடுவது எங்கள் கடலோர ஊர் லின்பியனில் வழக்கம். மற்றவர்கள் மலையடிவாரம் போய்ப் புல் வெட்டி, சமாதிமேல் வண்ணத்தாளைக் கல் வைத்து அழுத்தி, படையல் போட்டுவிட்டு வருவார்கள். தங்கினவருக்கு வேர்க்கடலைப் பொடி தூவிய சுருள் ரொட்டி பொட்டலமாக வந்து சேரும். எங்கள் வீட்டில் தங்குகிறவர் எப்போதும் என் கணவர் வென்-துங்தான். தன் அப்பாவின் சமாதியை அவர் பார்த்தே பல வருடம் ஆகியிருந்தது.

காரணம் பெரியக்கா.

பெரியக்கா என்பது மீன். ராட்சதக் களவா. எங்களுக்குக் கல்யாணமான வருடம் உள்ளங்கை நீளத்தில் வாங்கி வந்தார். இப்போது எங்கள் இருவர் எடையையும் சேர்த்தாலும் அவளுக்கு ஈடாகாது. குளத்தில் அவளோடு இன்னும் சில களவாக்கள் இருந்தாலும், பண்ணை நடப்பது அவள் முட்டையில்தான். எங்கள் கரையோரக் குஞ்சுப் பண்ணைகள் எல்லாம் அவள் எப்போது முட்டையிடுவாள் என்று போன் செய்து விசாரிக்கும். வென்-துங் தண்ணீரில் இறங்கினால் பின்னாலேயே வந்து முழங்காலில் முகவாயை இடிப்பாள். கானாங்கெளுத்தியை அவர் கையிலிருந்துதான் வாங்குவாள். நான் நீட்டினால் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

பெயர் வந்தது அவருடைய சொந்தப் பெரியக்கா சூ-லானிடமிருந்து. மீன் குஞ்சாக இருந்தபோதே மற்ற மீன்களை விரட்டிவிட்டு முதலில் தின்னுமாம்.

"ஏண்டா, ஊர்ல வேற பேரே கிடைக்கலையா உனக்கு? வாயைப் பொளந்துக்கிட்டு வர்ற ஜந்துவுக்கா என் பேரு?" என்று சூ-லான் அண்ணி வரும்போதெல்லாம் சண்டை பிடிப்பாள்.

"வாய்ப் பொருத்தம் பாத்துத்தான்க்கா வெச்சேன்."

"செத்துத் தொலைஞ்சா நாலு பேர் வந்து எங்கிட்ட துக்கம் விசாரிப்பாங்கடா!"

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அப்பா சமாதிக்கு வராத கோபம் மட்டும் சிரிப்பில்லாத கோபம். "மீனுக்குப் பிள்ளையா இருக்கே, அப்பாவுக்கு எப்போடா இருக்கப் போறே?" என்று போன வருடம் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். வென்-துங் எழுந்து குளத்துக்குப் போய்விட்டார். அன்று இரவு சாப்பிடவும் இல்லை.

அதற்கு வழி கண்டுபிடித்தவர் அண்ணியின் கணவர் யூ-ஷெங். கௌஷியுங் நகரத்தில் கணினிக் கம்பெனியில் பெரிய வேலை. அதட்டத் தெரியாத மனிதர். நான் அவரை அண்ணா என்பேன், வென்-துங்குக்கு அவர் அத்தான். கல்லறை நாளுக்கு முந்தைய வாரக் கடைசியில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டிக்குள் உள்ளங்கை அளவு கணினி, லினக்ஸ் போட்டது. அதிலிருந்து ஒரு வயர் குளத்துக்குள் போய்த் தண்ணீரின் ஆக்சிஜனை அளக்கும். இன்னொரு வயர் காற்றுச் சக்கரங்களுக்குப் போகும். சக்கரம் சுற்றித் தண்ணீரை அடித்தால் ஆக்சிஜன் ஏறும்.

இரவில் பெட்டி அளவைப் பார்க்காமலே சக்கரங்களை விடிய விடியச் சுற்றவிடும். நல்ல வெயில் அடித்தால் பகலில் தேவையே இல்லை, குளத்துப் பாசியே ஆக்சிஜன் தந்துவிடும். மேகம் மூடாக்கு போட்ட பகலில்தான் ஆபத்து. பாசி திடீரென்று செத்துத் தண்ணீர் நிறம் மாறும், மாறினால் மீனுக்கு மூச்சு இல்லை. அதைப் பார்க்கத்தான் ஒரு ஆள் வேண்டும்.

"அந்த ஆள் வேலையை இது பாக்கும் மச்சான்," என்றார் யூ-ஷெங் அண்ணா. "பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அளக்கும். நாலுக்குக் கீழே போனா சக்கரத்தைப் போடும், உனக்கும் உன் வீட்டுக்காரி மெய்-ஷியாவுக்கும் போன்ல ‘ஆபத்து’ன்னு அனுப்பும். நாலுக்கு மேலே இருந்தா சக்கரத்தை நிறுத்திட்டு ‘நலம்’னு அனுப்பும். கரண்ட்டும் மிச்சம்."

"நாலுங்கறதை எங்கே எழுதி வெச்சிருக்கீங்க அத்தான்?"

"கணினி நிரலுக்குள்ளே எழுதலை. வெளியே வெச்சிருக்கேன், சூழல் மாறின்னு சொல்வோம். நான் என் பேர்ல உள்ளே நுழைஞ்ச உடனே அந்த அளவும் கூடவே வந்து நிக்கும். நாளைக்கு நீ இறால் விட்டா அளவு வேற. நிரலைத் தொடாம வெளியிலேயே மாத்திக்கலாம்."

செய்தும் காட்டினார். அளவைப் பத்து என்று மாற்றிவிட்டு, மடிக்கணினியில் தட்டி நிரலை ஓட்டினார். எங்கள் போன் இரண்டும் ‘ஆபத்து’ என்று கத்தின, குளத்தில் நான்கு சக்கரமும் வெள்ளை நுரையோடு சுற்ற ஆரம்பித்தன. அண்ணி கை தட்டினாள். அளவை மறுபடி நாலாக்கி ஓட்டினார், ‘நலம்’ வந்து சக்கரங்கள் நின்றன. ஒரு தடவைக்கு மூன்று தடவையாக ஓட்டிக் காட்டினார். பிறகு அதே நிரலை கிரான் என்கிற அட்டவணையில் ஏற்றினார். இனி அவர் தட்ட வேண்டாம், கடிகாரமே பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அதை எழுப்பி ஓடவைக்கும்.

சுவரில் இருந்த பழைய சுவிட்சைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "இது இனிமே எதுக்கு? ஈரக்கையோட தொட்டு எவனாவது ஷாக் அடிச்சுச் சாகறதுக்கா?"

வென்-துங் தாடையைச் சொறிந்தார். "ஒரு மூடாக்குப் பகல் பாத்துட்டு நம்பலாமே அத்தான்."

அதற்குள் அண்ணி பையிலிருந்து ஒரு குவாய் குவாய் பாக்கெட்டை எடுத்துப் பெட்டிமேல் வைத்துவிட்டாள். தேங்காய் வாசனைச் சோளப் பொரி. அந்தப் பெயருக்குச் சமத்தாக இரு என்று அர்த்தம். ஆஸ்பத்திரியானாலும் வங்கியானாலும் எங்கள் ஊர் இயந்திரங்களின் தலையில் அது உட்கார்ந்திருக்கும். பச்சைப் பாக்கெட்டாக இருக்க வேண்டும், காலாவதி ஆகியிருக்கக் கூடாது, யாரும் பிரித்துத் தின்றுவிடக் கூடாது.

"மஞ்சள் வாங்கிட்டு வந்தாரு உங்கத்தான். மஞ்சள் வெச்சா மிஷின் தூங்கிடும்னுகூடத் தெரியலை. படிச்ச மனுஷன்! நான் நாலு கடை ஏறி இறங்கிப் பச்சை வாங்கினேன். அக்டோபர் வரைக்கும் தேதி இருக்கு. இப்ப என்னடா சொல்றே?"

பச்சைப் பாக்கெட் வைத்த பிறகு எங்கள் ஊரில் யாரும் மேற்கொண்டு எதுவும் சொல்வதில்லை. வென்-துங்கும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு நாளும் நல்ல வெயில். ஆறு, ஆறரை என்று நலம் நலமாக வந்துகொண்டிருந்தது.

கல்லறை நாள் காலை தூறலோடு விடிந்தது. கிளம்புமுன் அவர் குளத்தில் இறங்கினார். பெரியக்கா வந்து முழங்காலில் இடித்தாள்.

"மத்தியானம் வந்துடுவேன், சமத்தா இரு," என்று அவள் நெற்றியில் தட்டினார்.

"பொண்டாட்டிகிட்டகூட இப்படிச் சொல்லிட்டுப் போனதில்லை," என்றேன்.

"நீ காத்துக்கிட்டா இருப்பே?"

மலையடிவாரத்தில் அவர் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். அரிவாளை யாரிடமும் தரவில்லை. தூறலில் நனைந்துகொண்டே தனி ஆளாகப் புல்லை வெட்டி, கல்லைத் தேய்த்து, அப்பாவின் பெயரில் உதிர்ந்திருந்த சிவப்புச் சாயத்தைத் தூரிகையால் ஏற்றினார். அண்ணி குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றாள். நனைந்துவிடும் என்று அவர் தன் போனை என் பையில் போட்டிருந்தார். பையில் இரண்டு போனும் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கிணிங் கிணிங் என்றன. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் எடுத்துப் பார்த்து, "நலம்," என்பேன். அவர் மறுபடி குனிந்துகொள்வார்.

‘நலம்’ என்ற சொல்லைத்தான் நான் பார்த்தேன். அதற்கு முன்னால் ஒரு எண் இருப்பது கண்ணில் பட்டது, மனதில் படவில்லை.

இறந்தவர்களுக்குப் பணமாகப் போய்ச் சேரும் பொன்தாளை எரிக்க ஆரம்பித்ததும் புகைக்கு ஒதுங்கி நின்றேன். கிணிங் என்றது. எடுத்தேன்.

ஆக்சிஜன் 1.9, நலம்.

சரி என்று பைக்குள் போடப் போனவள் நின்றேன். மறுபடி எடுத்தேன். விரலால் மேலே தள்ளினேன். 2.7, நலம். 3.6, நலம். 5.1, நலம். ஒரே மாதிரி எழுத்து, ஒரே மாதிரி ‘நலம்’, வரிசையாக. ஒன்றேமுக்கால், இரண்டு என்பதெல்லாம் மீன் மூச்சு முட்டிச் சாகிற அளவு. அது இந்தப் பண்ணைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரமே நான் கற்றுக்கொண்டது. எதிரில் என் கணவர் தீயில் தாளைப் போட்டுக்கொண்டு அப்பாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கழித்து.

"ஏங்க," என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. "ஏங்க!"

அவர் என் முகத்தைப் பார்த்தார், போனை வாங்கினார், பார்த்தார். கார் நின்ற பக்கம் ஓட ஆரம்பித்தார்.

"டேய், தாள் எரிஞ்சு முடியலைடா!" என்று அண்ணி கத்தினாள்.

வழியெல்லாம் கார்கள். மாவட்டமே சமாதிக்கு வந்திருந்தது. யூ-ஷெங் அண்ணாதான் ஓட்டினார்.

"மீட்டர்ல பாசி பிடிச்சிருக்கும் மச்சான். தப்பா அளக்குது. நிஜமாவே குறைஞ்சிருந்தா ஆபத்துன்னு வந்திருக்கணுமே! நலம்னுதானே வருது?"

"இப்போ ஒன்னு புள்ளி ஏழு அத்தான்."

"அதான் சொல்றேன், எண் தப்பு, வார்த்தை சரி."

"எண் தண்ணியில இருந்து வருது. வார்த்தை உங்ககிட்ட இருந்து வருது."

குளத்துப் பக்கம் யாரையாவது போகச் சொல்லலாமென்று நான் போன் போட்டபடி இருந்தேன். எங்கள் குளத்துக்கு இருபுறமும் இருந்த குளங்களைச் சூரியத் தகடு போட வாடகைக்கு விட்டுவிட்டார்கள், ஆள் கிடையாது. பக்கத்துக் கோயில் பூசாரியும், தள்ளியிருந்த பண்ணைகளில் தங்கினவர்களும் எடுக்கவில்லை. கிணிங் என்றது. 1.5, நலம்.

வண்டி நிற்குமுன் வென்-துங் குதித்துவிட்டார். தண்ணீரைத் தூரத்திலேயே பார்த்தேன். காலையில் பச்சையாக இருந்தது காபி டம்ளர் கழுவிய தண்ணீர் மாதிரிப் பழுப்பாகக் கிடந்தது. ஓரத்தில் மற்ற களவாக்கள் தலையை மேலே நீட்டிக்கொண்டு திணறின. சக்கரங்கள் நான்கும் துளிச் சத்தமில்லாமல் நின்றிருந்தன. மூலையில், படிக்கட்டை ஒட்டி, அவர் வழக்கமாக இறங்குகிற இடத்தில், பெரியக்கா பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தாள். செவுள் மெல்ல விரிந்து மூடியது.

"சக்கரத்தைப் போடுங்க!" வென்-துங் சட்டையோடு குதித்தார். நெஞ்சளவு தண்ணீரில் அவள் தலையைத் தாங்கிப் பிடித்தார். "அத்தான், சக்கரம்!"

சுவரில் சுவிட்ச் இல்லை. அதைக் கழற்றி என் கையில்தான் கொடுத்திருந்தார்கள். யூ-ஷெங் அண்ணா கொட்டகைக்குள் ஓடி மடிக்கணினியைத் திறந்தார். நான் ஆக்சிஜன் பொடி மூட்டையைப் பிரித்து வாரி வாரி இறைத்தேன். அண்ணியும் செருப்போடு சேற்றில் இறங்கி இறைத்தாள்.

"இதோ!" என்று உள்ளேயிருந்து குரல். எங்கள் போன் இரண்டும் ‘ஆபத்து’ என்று கத்தின. நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் சுற்ற ஆரம்பித்தன. நுரை பொங்கியது. வென்-துங் அவள் முகத்தை அந்த நுரைப்பக்கம் திருப்பி, தண்ணீர் வாய்க்குள் போகிற மாதிரி மெல்ல முன்னும் பின்னும் தள்ளினார். செவுள் இன்னும் கொஞ்சம் பெரிதாக விரிந்தது.

யூ-ஷெங் அண்ணா வாசலுக்கு வந்தார். சக்கரங்களைக் காட்டிச் சொன்னார், "ஓடுதே! பாருங்க, நிரல் சரியா ஓடுதே! நான்தான் தட்டினேன், உடனே..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. கிணிங் என்றது.

சக்கரங்கள் நின்றன.

நான்கும். நாங்கள் நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது. நுரை ஒவ்வொரு குமிழாக உடைந்து தண்ணீர் மறுபடி கண்ணாடியாயிற்று. யாரும் எதையும் தொடவில்லை. என் கையில் போன் இருந்தது. குனிந்து பார்த்தேன். ஆக்சிஜன் 1.4, நலம்.

"யாரு நிறுத்தினது?" என்றார் வென்-துங் தண்ணீரிலிருந்து. கோபம்கூட இல்லை. விளங்காமல் கேட்டார். "யாரு?"

யூ-ஷெங் அண்ணா வாசலிலிருந்து நின்றுபோன சக்கரங்களைப் பார்த்தார். பிறகு, "கடிகாரம்..." என்று முணுமுணுத்தார். திரும்பி உள்ளே ஓடினார். கதவு நிலையில் தோள் மோதியது. மேஜை நடுங்க நடுங்கத் தட்டினார், தப்பாகத் தட்டி மறுபடி தட்டினார். அண்ணி, "சீக்கிரம்யா, சீக்கிரம்யா!" என்று அலறினாள். முதலில் அட்டவணையை அழித்தாராம், பிறகு நிரலைத் தானே ஓட்டினாராம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், சக்கரங்கள் மறுபடி சுற்றின என்பதுதான். இந்தத் தடவை நிற்கவில்லை.

ஆனால் வென்-துங்கின் கைகள் அசைவதை நிறுத்தியிருந்தன.

மூச்சு முட்டிச் சாகிற களவா வாயை அகலத் திறந்தபடி சாகும். செவுள் குடை மாதிரி விரிந்து நின்றுவிடும். அவர் அவளை விடவில்லை. நுரை அவர் முகத்தில் அடித்தது. மற்ற மீன்கள் ஒவ்வொன்றாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கீழே இறங்கின. அவை பிழைத்துக்கொண்டன. அண்ணி சேற்றில் படிவரை போனாள். தன் பெயரை வைத்த மீனை அவள் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே அன்றுதான் என்று நினைக்கிறேன். வாய்க்குள் ஒரு குழந்தை உட்காரலாம், அவ்வளவு திறந்திருந்தது.

"வாயை மூடி விடுடா," என்றாள் மெதுவாக. "பாக்க முடியலை. மூடி விடுடா தம்பி."

அவர் மூட முயன்றார். மூடவில்லை.

சாயங்காலம் ஊர்ப் பண்ணைக்காரர்கள் சமாதியிலிருந்து திரும்பி, கேள்விப்பட்டு வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் பெரியக்காவைப் பார்த்துவிட்டு, அடுத்ததாகக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"பாக்கெட் என்ன கலர்?"

"பச்சை."

"தேதி?"

"அக்டோபர்."

"எவனாவது தின்னுட்டானா?"

"பிரிக்கவே இல்லை."

அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். பிறகு உண்மையாகவே அண்ணியிடம் போய்த் துக்கம் விசாரித்தார்கள். அவள் வாங்கிக்கொண்டாள்.

யூ-ஷெங் அண்ணா சாப்பிட வரவில்லை. கணினி முன்னால் உட்கார்ந்து, கடிகாரம் எழுப்பும்போது நிரல் கையில் என்னென்ன இருக்கிறது என்று எழுதிக் காட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறார். வென்-துங் உள்ளே போனபோது திரையைக் காட்டினார். எனக்குப் புரியட்டும் என்று இரண்டாம் தடவையும் சொன்னார்.

"நான் கூப்பிட்டா என் வீட்டு வழியா வருது மச்சான். நான் வெச்சிருந்த நாலைக் கையில எடுத்துக்கிட்டு வருது. கடிகாரம் கூப்பிட்டா என் வீட்டுக்குள்ளே நுழையறதே இல்லை, வெறுங்கையோட வந்து நிக்குது. அளவு எங்கேன்னு தேடியிருக்கு. ஒன்னும் இல்லை. ஒன்னும் இல்லைங்கறதைப் பூஜ்யம்னு எடுத்துக்கிச்சு. பூஜ்யத்துக்குக் கீழே போனாத்தான் ஆபத்து. எந்தத் தண்ணியிலயும் அது போகாது. அதனால எப்பவுமே நலம். முதல் நாள்ல இருந்தே. அவ செத்த பிறகும் நலம்னுதான் அனுப்பியிருக்கும்."

"நீங்க மூணு தடவை ஓட்டிக் காட்டினீங்க."

"மூணு தடவையும் நான்தான் ஓட்டினேன். ஒரு தடவையாவது அதைத் தானா ஓடவிட்டுப் பாக்கலை." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆபீஸ்ல புதுசா வர்றவங்களுக்கு இதை நான்தான் சொல்லித்தர்றேன். முதல் வாரமே சொல்லித்தர்றேன்."

வென்-துங் நெடுநேரம் அந்தப் பச்சைப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நான் பயந்தேன். திட்டியிருந்தால் அண்ணாவுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை பொக்லைன் வரவழைத்துக் கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டினோம். சந்தைக்காரர் ஒருவர் எடைக்கு விலை கேட்டு வந்தார், அண்ணி அவரைத் தெருமுனைவரை விரட்டிவிட்டு வந்தாள். சமாதியில் எரித்தது போக மிச்சமிருந்த பொன்தாள் கார் டிக்கியில் இருந்தது. அதை எடுத்து வந்து குழியருகில் எரித்தாள். மீனுக்கு எரிக்கலாமா கூடாதா என்று யாரும் கேட்கவில்லை.

யூ-ஷெங் அண்ணா பெட்டியைப் பிரித்து எடுத்துப் போகத் தயாரானார். வென்-துங் தடுத்தார்.

"இருக்கட்டும் அத்தான். மத்த மீனுங்க இருக்கில்ல."

"சரி பண்ணிட்டேன் மச்சான். அளவை அட்டவணையிலேயே மேல் வரியில எழுதிட்டேன். அளவு இல்லைன்னா இனிமே பூஜ்யம்னு எடுத்துக்காது, சக்கரத்தைப் போட்டுட்டு ஆபத்துன்னு கத்தும். இந்தத் தடவை நான் தட்டலை. ராத்திரி பூரா அளக்கவெச்சு, அதைத் தானா ஓடவிட்டுப் பாத்துட்டேன்."

"சுவிட்சை மறுபடி சுவத்துல மாட்டுங்க. இன்னொன்னு."

"சொல்லு."

"நலம்னு அனுப்பறதை எடுத்துடுங்க. எண்ணை மட்டும் அனுப்பட்டும். நலமா இல்லையான்னு நான் சொல்லிக்கறேன்."

அண்ணா ஒரு வரியை அழித்தார். நாங்கள் மூவரும் திரையையோ குளத்தையோ பார்க்காமல் கடிகாரம் எழுப்பட்டும் என்று நின்றோம். கிணிங் என்றது. என் போனில் ‘5.8’ என்று மட்டும் வந்திருந்தது. நான் அதைச் சத்தமாகப் படித்தேன்.

வென்-துங் தலையை ஆட்டிவிட்டு, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, படியில் இறங்கித் தண்ணீருக்குள் நின்றார். முழங்காலில் எதுவும் வந்து இடிக்கவில்லை. குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி, வெளிச்சத்தில் நிறம் பார்த்தார்.